கழுத்துக்குக் கீழே ஒரு சாண்

கரிக்காரருக்கு விட்டு வெட்டிய கொரங்காட்டை, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காட்டை, அடுத்த ஐப்பசியில் போய்ப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒற்றை மரமாக நின்ற சீமைக்கருவேலம் அதே இடத்தில் ஏழெட்டுக் கொம்பாக, இடுப்பு உயரப் புதராக நிற்கும். வெட்டியவர் மேல் குற்றமில்லை. அவருக்கு வேண்டியது எடை போட்டு விற்கிற விறகு. தரையோடு தரையாக அறுத்தால் அவர் வேலை முடிந்தது. மரத்தின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தண்டும் வேரும் சேரும் இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். சீமைக்கருவேலத்தின் உறங்கும் மொட்டுகள் எல்லாம் அந்தக் கழுத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன, மண்ணுக்கு மேலே கொஞ்சம், மண்ணுக்குள்ளே கொஞ்சம். மேலே அறுத்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் விழிக்கும். கழுத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் வேரை அறுத்து, கழுத்தை முழுதாக வெளியே எடுத்துவிட்டால் மிச்ச வேரிலிருந்து பெரும்பாலும் துளிர் வராது. பழைய மரமென்றால் ஒரு அடிகூடப் போக வேண்டியிருக்கும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு சாணை ஒட்டிய விவரங்கள்தான்.

முள்ளை எடுத்த இடத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. இங்கே சொல்வது கௌதாரிக்கும் முயலுக்கும் தீனியும் மறைவுமாக ஒரு பாத்தி போடுவது. குளிர்நாடுகளில் காட்டுயிருக்கென்று குளோவர் என்கிற தீவனச் செடியை விதைத்துப் பாத்தி வைப்பார்கள். குளோவர் நம் மேட்டாங்காட்டுக்கு ஆகாது. அதைப் பார்க்க நீலகிரிக்குத்தான் ஏற வேண்டும். தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், காங்கயம், அரவக்குறிச்சி வட்டாரத்துச் செம்மண் சரளையில், ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழையில், அந்த வேலையைச் செய்யக்கூடியது முயல் மசால் (ஸ்டைலோ) என்கிற தீவனச் செடி. கூட்டுக்கு நரிப்பயறு, கொள்ளு. குதிரை மசால் இறவைப் பயிர், தண்ணீர் கட்ட வேண்டும். வேலி மசால் ஆள் உயரத்துக்குக் கிட்டத்தில் போய்விடும், கௌதாரிக் குஞ்சு நடமாட ஏற்றதல்ல. முயல் மசால் முழங்கால் உயரத்தில் நின்று, அடியில் வெறுந்தரையை விட்டு, மேலே கூரை போட்டதுபோல் மூடும். குஞ்சுக்கு வேண்டியது அந்த அமைப்புதான். பூச்சி கிடைக்கும், வல்லூறின் கண்ணுக்குப் படாது. பெயரில் இருக்கிற முயலும் வரும்.

பாத்தியைச் சதுரமாக அடிக்க வேண்டாம். நாலு ஏக்கர்க் கொரங்காட்டில் கால் ஏக்கர் ஒதுக்கினால் தாராளம். அதை 330 அடி நீளம், 33 அடி அகலமுள்ள ஒரு பட்டையாக, கிளுவை வேலிக்கு இணையாக ஓட்டுங்கள். கணக்குப் பார்த்தால் சரியாக 25 சென்ட். எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் பறவைக்கு ஒளியும் இடம் 16, 17 அடிக்குள் இருக்கும். சதுரத்தின் நடுவில் இருக்கும் கௌதாரிக்கு அந்த வசதி கிடையாது. அதனால் நடுப்பகுதி விதைத்தும் வீணாகவே கிடக்கும்.

இனி எந்த முள் போக வேண்டும் என்கிற கேள்வி. போக வேண்டியவை இரண்டே. சமவெளியில் சீமைக்கருவேலம், சத்தியமங்கலம், பர்கூர், ஆனைகட்டி மலையடிவாரக் காடுகளில் உண்ணிச்செடி (லாண்டானா). மற்ற முள்ளையெல்லாம் தொடாதீர்கள். சங்கமுள், சூரை, இலந்தை, விடத்தலை, வேலியில் நிற்கிற கிளுவை, இவையெல்லாம் இருக்க வேண்டியவை. கௌதாரி இரவில் அடைவது முள்மரத்தில். முட்டையிடுவது புதரடியில், வெறும் தரையைச் சீய்த்த குழியில். காட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லா முள்ளையும் வழித்துவிட்டுப் பயறு விதைத்தவர்கள் தீனி போட்டு வைத்தார்கள், வீட்டை இடித்துவிட்டார்கள். பட்டையின் இரு ஓரமும் 10 முதல் 15 அடிக்கு நாட்டு முள்ளை அப்படியே விடுங்கள். பக்கத்தில் இட்டேரி இருந்தால் யோகம். அந்த இரு பக்க வேலியும் ஓடுகிற பாதைதான் பறவை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற வழி. பட்டையின் ஒரு முனையை அதில் முட்ட விடலாம்.

கன்றாக இருக்கும்போது சீமைக்கருவேலத்தையும் வெள்வேலையும் குழப்பிக்கொள்வது சாதாரணம். கூலிக்கு வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள். கொரங்காட்டின் மரமே வெள்வேல்தான்; கோடையில் அதன் காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. இலையைப் பார்த்தால் போதும். சீமைக்கருவேலத்தின் ஒரு இலைக்காம்பில் ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, மிஞ்சினால் மூன்று ஜோடிக் கிளைதான் இருக்கும். சிற்றிலைகள் நீளமாக, இடைவெளி விட்டு நிற்கும். வெள்வேலில் ஐந்து ஜோடிக்கு மேல் போகும். சிற்றிலைகள் பொடிப்பொடியாக நெருங்கியிருக்கும். வன்னியும் இருக்கிற காடென்றால் முள்ளையும் பாருங்கள். சீமைக்கருவேலத்தில் முள் இலை புறப்படும் கணுவில் இருக்கும். வன்னியில் கணுவுக்குக் கணு நடுவே, தண்டெங்கும் சிதறி இருக்கும். வேலை தொடங்கும் நாள் காலையில் இந்த மூன்றிலும் ஒவ்வொரு கிளை ஒடித்து எல்லோர் கையிலும் கொடுத்துக் காட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை, இருபது வருச மரம் பிழைக்கும்.

எப்போது தோண்டுவது? கோடையில் ஆள் சும்மா இருக்கிறார்கள் என்று சித்திரை, வைகாசியில் இறங்குவதுதான் வழக்கம். இரண்டு காரணத்துக்காக அது தப்பு. மண் கல்லாகக் கிடக்கும். ஒரு சாண் போக வேண்டிய இடத்தில் நாலு விரல்கடையோடு ஆள் சலித்துப்போவார். அடுத்தது, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கௌதாரி முட்டையிடும் பருவம். ஒரு கூட்டில் ஆறு, எட்டு முட்டை கிடக்கும். பெரிய புதரைத் தோண்டுவதற்குத் தை, மாசிதான் காலம். வடகிழக்கு மழையின் ஈரம் அடிமண்ணில் கொஞ்சம் மிச்சமிருக்கும், கோடைக் காய் இன்னும் பழுத்து விழுந்திருக்காது, கூடும் இருக்காது. பங்குனி பிறந்ததும் பெரிய புதரில் கை வைப்பதை நிறுத்திவிடுங்கள். மிச்சமிருந்தால் அடுத்த தை.

தோண்டும் முறை. முதலில் நீளக் கம்பால் புதரை நாலு பக்கமும் தட்டுங்கள். சுருட்டை விரியன் இந்தக் காடுகளில் உண்டு, அது பகலில் புதரடியில்தான் சுருண்டு கிடக்கும். பிறகு கொடுவாளால் பக்கக் கொம்புகளைக் கழித்து, கவைக்கோலால் தள்ளி ஒதுக்குங்கள். நடுத்தண்டை மட்டும் மார்பு உயரத்துக்கு விட்டுவையுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. நடுத்தண்டையும் அறுத்துவிட்டால் கடைசியில் நெம்பப் பிடி இருக்காது. தூரைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி மம்பட்டியால் வட்டம் எடுத்து, ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை வெளியே வாரிப் போடுங்கள். பக்கவேர்கள் தெரியும். ஒவ்வொன்றையும் கோடாலியால் இரண்டு இடத்தில் வெட்டி, நடுத்துண்டை எடுத்துவிடுங்கள்; ஒரே வெட்டு வெட்டினால் வேர் மண்ணுக்குள் விறைத்து நின்று அடுத்த வேலைக்கு இடைஞ்சல். கடைசியாக ஆணிவேரைக் கழுத்துக்குக் கீழே ஒரு சாணில் பிடித்து வெட்டி, கடப்பாரையைக் கொடுத்து, விட்டு வைத்த தண்டைப் பிடித்துச் சாயுங்கள். தூர் வெளியே வந்ததும் கழுத்து முழுதாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க வேண்டும். பிளந்து பாதி மண்ணில் தங்கியிருந்தால் அந்தப் பாதி முளைக்கும். குழியை உடனே மூடிவிடுங்கள். திறந்து கிடக்கும் குழி, விதை ஒதுங்குவதற்குச் செய்து வைத்த பாத்தி.

செருப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. இந்த முள் டயர் செருப்பையே ஏறும், ஏறினால் சீழ் வைக்கும். கனத்த தோல் கையுறையும் கெட்டி அடி வைத்த ஷூவும் தேவை. குத்தி முறிந்த முள்ளை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் இரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியும்.

கூலியை மரக்கணக்கில் பேசாதீர்கள், தூர்க்கணக்கில் பேசுங்கள். வெளியே எடுத்துப் போட்ட தூரை எண்ணிக் காசு. விறகுக்காரரிடம் குத்தகை விடுவதானாலும் விறகோடு தூரும் அவரே எடுப்பது என்று முதலிலேயே சொல்லிவிட்டால், விறகு விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்பார். குறைத்துக் கொடுங்கள். துளிர்த்த பிறகு தோண்டும் செலவோடு பார்த்தால் அது லாபம்.

உண்ணிச்செடிக்கு ஆழம் அவ்வளவு வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழுவினர் சீர்ப்படுத்திய ஒரு முறை இருக்கிறது. செடிக்கு முதுகைக் காட்டி நின்று, மண்கொத்தியின் அலகு செடிப் பக்கம் திரும்பியிருக்கும்படி தலைகீழாகப் பிடித்து, நடுத்தூரில் மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், அதாவது இரண்டு விரல்கடையில், மூன்று நாலு கொத்துக் கொத்தினால் ஆணிவேர் அறுந்துவிடும். முதுகைக் காட்டி நிற்பதால் முள் முகத்தில் அடிக்காது. பிறகு செடியைத் தூக்கித் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கும்படி, இன்னொரு புதர் மேலோ பாறை மேலோ போட வேண்டும். இந்தக் கடைசி வேலையில் சோம்பினால் எல்லாம் வீண். வெட்டிய தண்டு ஈரமண்ணில் படிந்தால் அங்கேயே வேர் விடும். காய் பிடிப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும். ஆடு மாடு இதைத் தின்றால் ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், வெயில் பட்ட தோல் வெந்து உரியும். ஆகவே அள்ளிப் போட்ட குவியல் பட்டிக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

குறுக்கு வழிகளைப் பற்றி. பொக்லைன் விட்டால் ஒரு நாளில் முடியும் என்பது உண்மை. ஆனால் கொரங்காட்டு மேல்மண் பல இடத்தில் ஒரு அடிகூட இருக்காது. அதற்கடியில் சுண்ணாம்புக்கல். வாளி ஒரு தடவை இறங்கினால் அந்தக் கல் மேலே வந்துவிடும், கொழுக்கட்டைப் புல்லின் தூர் கீழே போய்விடும். கழுத்தும் பல துண்டாகச் சிதைந்து காடெங்கும் விழும். அடர்ந்து மரமாகிப்போன காட்டுக்கு வேறு வழியில்லை என்றால், தூரை நெம்பித் தூக்க மட்டும் பொக்லைனை வைத்துக்கொண்டு, வழித்துத் தள்ளுவதை அனுமதிக்காதீர்கள்.

தூரில் உப்பைக் கொட்டுவது, கழிவு ஆயிலை ஊற்றுவது இரண்டும் மண்ணைத்தான் கொல்லும். அந்த வட்டத்தில் அடுத்து நீங்கள் விதைக்கப்போகும் பயறும் முளைக்காது. தீ வைத்தால் மேலே கருகும், கழுத்து பிழைக்கும், கிளுவை வேலி போய்விடும். வெள்ளாட்டை விட்டால் முள்ளைத் தின்று தீர்க்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. வெள்ளாட்டுக்கு நாக்கு இருக்கிறது: முதலில் முயல் மசாலை மொட்டையடிக்கும், பிறகு இலந்தைத் துளிரை, அதன் பிறகும் பசி இருந்தால்தான் சீமைக்கருவேலத்தின் பக்கம் போகும்.

களைக்கொல்லி என்று வரும்போது கிளைபோசேட்டைத்தான் பலரும் கேட்கிறார்கள். 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசின் உத்தரவு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் நடத்துபவர் மூலமாக அல்லாமல் வேறு யாரும் அதைப் பயன்படுத்தக்கூடாது என்றது. கடையில் அடுத்ததாக எடுத்து நீட்டுவது 2,4-டி. அது புல்லை விட்டு அகன்ற இலையைக் கொல்லும். முயல் மசால், நரிப்பயறு, கொள்ளு எல்லாமே அகன்ற இலை. முள்ளின் மேல் அடித்தது காற்றில் பரவினால் பாத்தி முழுக்க இலை சுருண்டு நிற்கும். பக்கத்துக் காட்டில் பருத்தி இருந்தால் சண்டையும் வரும், ஏனென்றால் பருத்தி இந்த மருந்தின் வாடைக்கே சுருளும். மூலனூர்ப் பக்கம் முருங்கைக்காரர்களும் சும்மா இருக்கமாட்டார்கள். கால் ஏக்கருக்குக் கடப்பாரையே போதும்.

தூர் எடுத்தவுடன் விதைக்கத் தோன்றும். பொறுங்கள். மண்ணுக்குள் வருசக்கணக்காகச் சேர்ந்த முள்விதை கிடக்கிறது, அதற்கு முதலில் ஒரு வாய்ப்புக் கொடுத்து ஏமாற்ற வேண்டும். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் ஒரு பட்டாளம் முளைக்கும். ஆடிச் சாரலில் இன்னொன்று. இரண்டு தடவையும் மழை விட்ட இரண்டாம் மூன்றாம் நாள், மண் இளகியிருக்கும்போது கையால் இழுத்தால் வேரோடு வரும். சாண் உயரத்துக்குள் இருந்தால்தான் இந்தக் கதை. முழங்காலைத் தாண்டிவிட்டால் ஆணிவேர் கீழே போய்ப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் கழுத்தோடு அறுந்து, திரும்ப முளைக்கும். அதற்கு மறுபடி கடப்பாரை. பிடுங்கப் போகும்போது தரையைப் பார்த்து நடங்கள், காலடியில் முட்டை இருக்கலாம். இந்த மாதங்களில் உழவு ஓட்டாதீர்கள். ஆழத்தில் கிடக்கும் விதையை ஒவ்வொரு உழவும் மேலே கொண்டுவரும்.

விதைப்பு புரட்டாசியில், வடகிழக்கு மழைக்கு முன்னால். கால் ஏக்கருக்கு முயல் மசால் 1 கிலோ, கொள்ளு 1 கிலோ, நரிப்பயறு அரைக் கிலோ. தனிப்பயிருக்குக் கொள்ளு 2 கிலோ போடலாம். இங்கே அது துணைக்கு வருவதால் பாதி போதும், அதிகம் போட்டால் கொடி ஏறி முயல் மசாலை அமுக்கிவிடும். முயல் மசால் விதையின் தோல் கெட்டி, அப்படியே தெளித்தால் கால்வாசிகூட எழாமல் போகலாம். 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் மூன்று பங்கு கொதிக்கிற தண்ணீரோடு ஒரு பங்கு பச்சைத்தண்ணீரைக் கலந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். துணியில் கட்டி, ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். விதை அதிகமானால் தண்ணீர் ஆறிவிடும். நேரம் கடந்தால் விதை வெந்துவிடும். எடுத்துப் பச்சைத்தண்ணீரில் இராத்திரி முழுக்க ஊற வைத்து, காலையில் நிழலில் ஈரம் உலர்த்தி, நாலு பங்கு காய்ந்த மணலோடு கலந்து தெளியுங்கள். கொள்ளும் நரிப்பயறும் தனியாக.

மேல்மண்ணை லேசாகக் கொத்திவிட்டால் போதும். அரை அங்குலத்துக்குக் கீழே போன முயல் மசால் விதை மேலே வராது. மூடுவதற்கு, தோண்டியெடுத்த முள்கொம்பையே கட்டாகக் கட்டி, மேலே ஒரு கல்லை வைத்து இழுங்கள். அந்தக் கொம்பில் ஒரு காய்கூட இருக்கக்கூடாது. மிச்சக் கொம்பைப் பட்டையைச் சுற்றி முள்படலாக அடைத்தால் முதல் வருசம் ஆடு உள்ளே வராது. சுண்ணாம்புக்கல் மேலே தெரியும் திட்டுகளில் முயல் மசால் சரியாக எழும்பாது. அங்கே சங்குப்பூவைத் தூவிவிடலாம்.

முதல் 60 நாள் முயல் மசால் நிற்பதே தெரியாது. அந்த இடைவெளியில்தான் பார்த்தீனியமும் முள்கன்றும் புகுந்துகொள்ளும். கொள்ளைச் சேர்த்து விதைக்கச் சொன்னது அதற்காகத்தான். ஒரு மாதத்தில் தரையை மூடிவிடும். 25, 30ஆம் நாளில் ஒரு கைக்களை தவறக்கூடாது. 75 நாள் வாக்கில் முயல் மசால் பூக்கும். மாட்டுக்கென்றால் அப்போது அறுப்பார்கள். கௌதாரிக்கும் முயலுக்கும் விட்ட பட்டையில் முதல் வருசம் அறுக்காமல் விதை உதிர விடுங்கள். கொள்ளும் காயோடு நிற்கட்டும். இரண்டாம் வருசத்திலிருந்து பாதி நீளத்தை மட்டும், தரையிலிருந்து அரை அடி விட்டு அறுக்கலாம். அடுத்த வருசம் மறுபாதி.

மயிலைப் பற்றிக் கேட்பார்கள். விதைத்த கொள்ளை மயில் கிளறுவது இப்போது கொங்கு நாடு முழுக்க இருக்கிற புகார், நியாயமான புகார். தெளித்த அன்றே முள் இழுத்து மூடுவதும், மழை வாக்குப் பார்த்து விதைத்து நாலைந்து நாளில் முளைக்க வைப்பதும்தான் கைவசம் இருக்கிற வழி. இன்னொன்று, காட்டுப்பன்றி பகலில் படுத்துக் கிடப்பது அடர்ந்த சீமைக்கருவேலப் புதரில். அதை எடுத்தால் பன்றிக்கு மறைவு குறைகிறது, நாட்டு முள்ளின் சிறு புதர் அதற்குப் போதாது. வருகிற கௌதாரியையும் முயலையும் கண்ணி வைத்துப் பிடிக்கலாம் என்று யாராவது கிளம்பினால், 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லி வையுங்கள்.

பட்டைக்குள் புது முள் வருகிற பெரிய வாசல் மாட்டின் வயிறு. சீமைக்கருவேலக் காய் இனிப்பு, மாடு தேடித் தின்னும், விதை சேதமில்லாமல் சாணத்தோடு வந்து எருவோடு சேர்ந்தே முளைக்கும். காய் விழுகிற காட்டில் மேய்ந்த மாட்டையும் செம்மறியையும் சுத்தம் செய்த காட்டுக்குள் விடுவதற்கு முன் ஒரு வாரம் பட்டியில் கட்டி, வைக்கோலோ சோளத்தட்டோ போடுங்கள். காயை வீணாக்க மனமில்லாதவர் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, விதை நொறுங்க மாவாக அரைத்துத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கலக்கலாம். அதே பட்டிச் சாணத்தைப் பச்சையாகப் பட்டையில் கொட்டிவிட்டால் செய்ததெல்லாம் போச்சு. குப்பையில் சூடேறி மக்கியதுதான் உள்ளே வரலாம்.

தூர் எடுத்த இடங்களில் கொடி கட்டிய குச்சி நட்டு, 30, 60, 90 நாளில் போய்ப் பாருங்கள். துளிர் வந்தால் கழுத்தின் துண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். வெட்டாதீர்கள், தோண்டுங்கள். அதற்குப் பிறகு வருசத்துக்கு மூன்று நடை, மழை விட்ட இரண்டாம் நாள். காடு முழுக்க அலைய வேண்டியதில்லை. சீமைக்கருவேலக் கன்றைப் பழைய சாணி கிடந்த இடத்திலும் ஆடு நிழலுக்கு ஒதுங்கும் வெள்வேலடியிலும் தேடுங்கள். உண்ணிச்செடி கொண்டைக்குருவியும் மைனாவும் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே முளைக்கும். காட்டின் குறுக்கே மின்கம்பி போனால் அதன் அடியில், கயிறு பிடித்து நட்டதுபோல் வரிசையாக நிற்கும்.